வெறும் வயிற்றோடு வா

பாண்டுரங்கனின் மணிக்கட்டைப் பிடித்த சுரங்க ஆஸ்பத்திரி டாக்டர் விடவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், மறுபடி கடிகாரம். அந்தப் பார்வையே அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நெஞ்சு தாளம் தப்பி அடிக்குதுப்பா. அது மட்டும்னா மாத்திரையில அடக்கலாம். ரத்தத்துல சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருந்தா ஹார்ட் அட்டாக்ல கொண்டுபோய் விடும். டெஸ்ட் பண்ணணும். காலையில வெறும் வயித்தோட வா."

ஊரிகத்தில் கம்பெனி கொடுத்த லைன் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசிப் பேச்சுதான் குடைந்தது. தங்கச் சுரங்கத்தில், பூமிக்கடியில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கிறவன் அவன். வெறும் வயிற்றோடு கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் இறங்கியவர்கள் கீழே சூட்டில் சுருண்டு விழுந்ததை, அவனே தோளில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறான். ஆளைப் பட்டினி போட்டு எடுக்கிற ரத்தம் எப்படி நல்ல ரத்தமாக இருக்கும்?

மைத்துனன் பெருமாள் அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் வார்த்தான்.

"இன்னா மாமா, இது கூடவா தெரியல? கம்பெனியில ஆள் கொறைக்கிறாங்க. உங்கூட எறங்கின ராஜப்பாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்க, அடுத்த வாரமே வேலைக்கு அன்ஃபிட்டுன்னு எழுதிட்டாங்க. வேலையும் போச்சு, லைன் வீடும் போச்சு. இப்ப மாமனார் வூட்ல மாடு மேய்க்கிறான்."

மறுநாள் மனைவி சௌந்தரம் குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, சட்டியில் மீந்திருந்த கேழ்வரகுக் களியை வெல்லத்தோடு பிசைந்து வயிறுமுட்டத் தின்றான். வாயைக் கொப்பளித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தம் எடுக்கக் கையை நீட்டினான்.

முடிவு கேட்கப் போனபோது சௌந்தரமும் கூட வந்தாள்.

"சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறியிருக்கு. இதோட கேஜ் ஏற விடமாட்டேன்" என்றார் டாக்டர். "வெறும் வயித்தோடதானே வந்தே?"

தின்றேன் என்றால் ஏமாற்றினான் என்று எழுதிவிடுவார்கள். தின்னவில்லை என்றால் அன்ஃபிட். பாண்டுரங்கன் சுவரைப் பார்த்தான்.

"களிச்சட்டி காலியா கெடந்துச்சு சார்" என்றாள் சௌந்தரம். "பூனைன்னு நெனச்சேன். வெல்லமும் இல்ல. எந்தப் பூனை வெல்லம் தின்னும்?"

டாக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் திரும்ப வரச் சொன்னார். அன்று ராத்திரி சௌந்தரம் அடுப்படியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இந்தத் தடவை சர்க்கரை இறங்கித்தான் இருந்தது. ஆனாலும் இருக்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை. கொழுப்பும் கூடுதல்.

"ரெண்டும் சேர்ந்திருக்கு, நெஞ்சும் தாறுமாறா ஓடுது. மூணு மாசம் மேலேயே வேலை செய். மாத்திரை, பத்தியம். கொறைஞ்சா மறுபடி எறங்கலாம்."

"எறங்கலாம்னு எழுதிக் குடுங்க சார்."

"வெல்லத்தைத் தொடமாட்டேன்னு நீ எழுதிக் குடு, நானும் குடுக்கிறேன்."

வீட்டில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"நீ ஒண்ணு போட்டுப் பாரேன்" என்றான் சௌந்தரத்திடம்.

"எனக்கு எதுக்கு? எனக்கு நெஞ்சு நேராத்தான் அடிக்குது."

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தாளு சொல்றான்னு நீயும்..."

அவள் அவன் விரலை இழுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தாள். மாவு இடிப்பது போல ஒரே சீராக அடித்தது. பிறகு அதே விரலை அவன் மணிக்கட்டிலேயே அழுத்தினாள். இரண்டு அடி அடித்தது, நின்றது, தடதடவென்று ஓடியது, மறுபடி நின்றது. அடுத்த அடி வருமா என்று அவன் காத்திருந்தான்.

அது வந்ததும், "தண்ணி குடு" என்றான்.