கசானி எல்லையில் ஒரு மணி நேரம்

சைக்கிள் சீட்டில் உட்கார்ந்ததும் பாசிலியாவின் வாயில் மாதாவின் பெயர் வந்தது. பக்தியில் வந்ததல்ல. மூன்று நாளாக அந்தச் சீட்டு அவளுக்கு எங்கெங்கே தோலை உரித்திருக்கிறது என்று வெளியில் சொல்லவும் முடியாது. முட்டி இரண்டும் வீங்கிப் போயிருந்தன. ஹூலி ஊரில் தங்கின வீட்டுக்காரி கொடுத்த ஆட்டுக்கொழுப்பைத் தேய்த்ததில் நாற்றம்தான் மிச்சம்.

"ஏறிட்டியா புள்ள?" என்று முன்னாலிருந்து கேட்டான் புருஷன் கசிமிரோ.

"ஏறிட்டேன். இனிமே வண்டி தானா போனா உண்டு."

பெரு நாட்டின் பூனோவிலிருந்து ஏரிக்கரையோடு வந்து கொண்டிருந்தார்கள். இன்றோடு பயணம் முடிகிறது. மதியம் இரண்டரை மணிக்கு, பொலிவியா எல்லைக்கு அந்தப் பக்கம் கோப்பகபானாவில், மாதா கோயில் வாசலில் திருநாள் மந்திரிப்பு. காரும் லாரியும் பஸ்ஸும் மாலை போட்டு வரிசையில் நிற்க, சாமியார் பூங்கொத்தைத் தீர்த்தத்தில் முக்கித் தெளித்துக்கொண்டே போவார். வரிசையின் கடைசியில் சைக்கிள்கள். கசிமிரோவின் சைக்கிள் மீது அந்தத் தண்ணீர் பட்டால் அவனுடைய நேர்த்திக்கடன் முடிந்தது.

மாதாவுக்கு நேர்ந்துகொண்டால் மூன்று வருஷம், விடாமல். நடுவில் ஒரு திருநாள் தவறினாலும் மறுபடி முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். மறுநாள் போய் நின்றால் அது வெறும் தண்ணீர். கசிமிரோ நேர்ந்துகொண்டது இரண்டு: ஏரிக்கரையோடு சைக்கிளில் வருவேன், மூன்று வருஷமும் ஒரு சொட்டு குடிக்க மாட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. மகளுக்கு முதல் முடி வெட்டின விருந்தில் நாலு நாள் குடித்துவிட்டு, உறைபனியில் ஒரு பள்ளத்தில் விழுந்து கிடந்தான். இடது காலில் இரண்டு விரல் போயிற்று. போனது விரலோடு நின்றதே என்று ஊரே சொன்னது. பாசிலியா மட்டும் சொல்லவில்லை. அதற்கு முந்தைய பதினாறு வருஷமும் அவள்தானே வாசல் கதவில் காதை வைத்துக்கொண்டு படுத்தவள்.

நேர்த்தி அவனுடையது, நாய் படாத பாடு அவளுடையது. வழியெல்லாம் சாராயக் கடை இருக்க, தனியாக எப்படி அனுப்புவது? நாற்பத்தெட்டு வயசில் சைக்கிள் பழகி, விழுந்து, பாவாடையைச் சங்கிலியில் கிழித்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவன் பின்னாலேயே மூன்று வருஷமாக மிதித்தாள். இந்த மூன்று வருஷத்தில் விடியலில் எழுந்து கஞ்சி காய்ச்சுகிற ஒரு மனுஷன் வீட்டில் இருந்தான். சந்தையில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டி மகளைச் சிரிக்க வைக்கிறவன். பாசிலியாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இன்று மதியத்தோடு அவன் போய்விடுவானோ என்பதுதான் அவள் பயம். ஏனென்றால் மந்திரிப்பு முடிந்த கையோடு வண்டிச் சக்கரத்துக்கு பீர் ஊற்ற வேண்டும். சக்கரத்துக்கு ஊற்றினவன் மிச்சத்தைக் குடித்தாக வேண்டும். அது வழக்கம்.

பொமாத்தா மேட்டில் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இறங்கித் தள்ளினார்கள். இடது பக்கம் ஏரி நீலமாகப் படுத்துக் கிடந்தது. போன வருஷம் அழகாக இருந்த அதே ஏரிதான். இப்போது பார்த்தால் எரிச்சலாக வந்தது, இவ்வளவு பெரிசாக எதற்கு என்று.

பின்னால் ஹாரன் சத்தம். அவர்கள் சைக்கிள் சங்கத்தின் லாரி. ஓட்டியவன் நிக்கானோர், அவர்கள் மகளுக்கு ஞானத்தகப்பன்; அந்த முறையில் அவனுக்குக் கசிமிரோ கும்பாதிரி, பாசிலியா குமாதிரி. மற்றவர்கள் காலையிலேயே வேகமாக முன்னால் போய்விட்டிருந்தார்கள். லாரியின் பின்னால் பீர்ப் பெட்டிகள் கிணுகிணுத்தன.

"கும்பாதிரி! மூணு வருஷத் தாகம்டா! உனக்குன்னு ரெண்டு பெட்டி தனியா கட்டி வச்சிருக்கேன்!"

"நீயே முடிச்சிடாதடா!" என்று கசிமிரோ சிரித்தான்.

"ஏத்திக்கவா குமாதிரி? முகமே பேயறைஞ்ச மாதிரி இருக்கு," என்றான் பாசிலியாவிடம். 

"உன் லாரியில ஏறுறதுக்குப் பேயே தேவலை. போய்யா."

நிக்கானோர் கெட்டவன் அல்ல. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் விரட்டிவிடலாம்.

யுங்குயோவுக்கு வந்தபோது கசிமிரோவின் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டேகால். எல்லைக்கு முன்னால் இதுதான் கடைசி ஊர். சாத்துர்நீனாவின் சாப்பாட்டுக் கடையில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மீன் சூப்புக்கு உட்கார்ந்தார்கள். சாத்துர்நீனாவுக்குப் பாசிலியாவின் சைக்கிள் மேல் போன வருஷமே ஒரு கண்.

"இந்த வருஷத்தோட முடியுதில்ல? வண்டி எனக்குத்தானே?" 

"நாளைக்குத் திரும்பி வரப்போ எடுத்துக்க. சீட்டைப் பார்த்தாலே அழுகை வருது. உன் தலையெழுத்து, நீ உட்காரு."

கசிமிரோ கடிகாரத்தைப் பார்த்தான். "இரண்டரைக்குத்தான் மந்திரிப்பு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. இங்கேருந்து ஒரு மணி நேரப் பாதை. மெதுவா சாப்பிடு."

பாசிலியா கரண்டியை வைத்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். பெருவில் பன்னிரண்டேகால் என்றால் கோப்பகபானாவில் இப்போதே ஒன்றேகால். உடனே கிளம்பினால்தான் மந்திரிப்பு. போன இரண்டு வருஷமும் கூட்டத்தோடு போனதால் யாராவது ஞாபகப்படுத்தினார்கள். இப்போது இவர்கள் இரண்டே பேர்.

சொல்ல வாயைத் திறந்தாள். மூன்று வருஷ உழைப்பு. எட்டு விரலோடு அவன் மிதித்த மிதி. சொல்லாமல் விட்டால் அது திருட்டு, அதுவும் மாதாவிடம். லாரியில் கிணுகிணுத்த பெட்டிகளை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சாத்துர்நீனா, இன்னொரு சூப்பு கொண்டா," என்றாள்.

"உனக்கா?" என்றான் கசிமிரோ ஆச்சரியமாக. ஒரு சூப்பையே பாதி வைக்கிறவள் அவள்.

"பசிக்குது. ஏன், பசிக்கக்கூடாதா?"

"சரி, எனக்கும் ஒண்ணு," என்றான்.

அப்படி ஒன்றேகால் ஆயிற்று. கசானி எல்லையில் பெருக்காரன் முத்திரை குத்தினான். கம்பியைத் தாண்டி நாற்பது அடி நடந்து பொலிவியாக்காரனிடம் நின்றார்கள். அவன் தலைக்கு மேலே சுவரில் வட்டக் கடிகாரம்: இரண்டே முக்கால். பாசிலியா தன் உயரத்தொப்பியோடு அவசரமாகக் கசிமிரோவுக்கு முன்னால் போய் நின்றாள். நல்லவேளை, அவன் குனிந்து ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியிருந்த லேசைத்தான் அவிழ்த்துக் கட்டினான். எதற்கென்று கேட்கிற நிலையில் அவள் இல்லை.

அதற்குப் பிறகு எட்டு கிலோமீட்டர். கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மாதாவே மன்னித்துக்கொள், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, என்று மிதிக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டாள். பாதி வழியில் கசிமிரோ நிறுத்தி, ஏற்கெனவே கல்லாக இருந்த டயருக்குக் காற்றடித்தான். அவள் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

கோயில் வாசலில் பூவிதழெல்லாம் நசுங்கிக் கிடந்தது. பட்டாசுக் காகிதம், பீர் நுரை, மாலை போட்ட கார்கள் கிளம்புகிற சத்தம். சாமியார் உள்ளே போய்விட்டிருந்தார். தீர்த்த வாளி கவிழ்த்து வைத்திருந்தது.

நிக்கானோர் ஓடி வந்தான். "எங்கடா தொலைஞ்ச? உன் பேரை மூணு தரம் கூப்பிட்டேன். சாமியார் உனக்காக அஞ்சு நிமிஷம் நின்னாருடா!"

கசிமிரோ கைக்கடிகாரத்தைக் காட்டினான். இரண்டு இருபது.

நிக்கானோர் தலையில் அடித்துக்கொண்டான். "அட மடையா, அது அந்தப் பக்கத்து மணி!" கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, பாவமாகப் போய், பல்லால் மூடியைத் திறந்து பாட்டிலை நீட்டினான். "சரி விடு. மாதாவுக்குத் தெரியாதா நீ வந்தது? சக்கரத்துக்கு ஊத்து. குடி."

கசிமிரோ பாட்டிலை வாங்கவில்லை. கை இரண்டையும் ஹேண்டில்பாரிலேயே வைத்திருந்தான்.

"மந்திரிக்காத வண்டிக்கு எப்படி ஊத்துறது கும்பாதிரி? நேர்த்தி முடியலையே."

"அப்போ?"

"அப்போ என்ன. மறுபடி மூணு."

நிக்கானோர் அவனைப் பார்த்தான், பாசிலியாவைப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் பாட்டிலைத் தானே குடித்துக்கொண்டு போனான்.

இருவரும் கோயில் மதிலோரம் உட்கார்ந்தார்கள். ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. பாசிலியாவால் அடக்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்யா," என்றாள். "யுங்குயோவிலேயே தெரியும். மணியை நான்தான் சொல்லல. உன் மூணு வருஷத்தை நான் கெடுத்துட்டேன்."

கசிமிரோ அவள் பக்கம் திரும்பினான்.

"பாசிலியா, இருபது வருஷமா வாரத்துக்கு ரெண்டு தரம் இந்த எல்லையைத் தாண்டிப் போர்வை வித்தவன் நான்," என்றான். "எனக்கு மணி தெரியாதா?"

இரண்டாவது சூப்பு, அவிழ்த்துக் கட்டின லேஸ், கல்லு மாதிரி டயர். ஒவ்வொன்றாக அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"பயமா இருந்துச்சு," என்றான் அவன். "பொமாத்தா மேட்டுல அந்தப் பாட்டில் சத்தம் கேட்டுச்சே, அப்பவே நாக்கு ஊறிடுச்சு. ஒரு வாய்தானேன்னு தோணிச்சு. எனக்கு ஒரு வாயோட நிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?"

பாசிலியா அழுதாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "ரெண்டு சூப்பை நான் வயித்துல திணிச்சேனேய்யா, பாவி!"

"நீ மட்டுமா?"

வெயில் சாய்ந்து காற்று குளிர ஆரம்பித்தது. கசிமிரோ கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருகி ஒரு மணி நேரம் முன்னால் வைத்தான். பாசிலியா மதிலில் சாய்ந்து கிடந்த தன் சைக்கிளைப் பார்த்தாள். அந்தச் சீட்டு. இன்னும் மூன்று வருஷம். அவளுக்கு அப்போது ஐம்பத்துநாலு ஆகியிருக்கும்.

"நாளைக்கு யுங்குயோவுல நிறுத்தணும்," என்றாள்.

"எதுக்கு? சூப்புக்கா?"

"சாத்துர்நீனாகிட்டச் சொல்லணும். வண்டி கிடையாதுன்னு."