வித்யா மதுரைக்குப் போவாளா?

எங்கள் அபிராமபுரம் ஃப்ளாட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஒரு மரியாதை உண்டு. வாக்குவாதம் முற்றுகிற மாதிரி தெரிந்தால் யாராவது ஒருவர் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டிவிட வேண்டும். சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, மாடி வீட்டுக்கு இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி எழுந்து போனது என் வீட்டுக்காரர் ஜாஸ்பர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ரொம்பப் பொறுப்பு.

சண்டை இதுதான். நான் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பதவி உயர்வுப் பரீட்சை எழுதியிருந்தேன். பாஸாகிவிட்டேன். மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். போஸ்டிங் மதுரையில். புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும். ஜாஸ்பர் "உன் இஷ்டம்" என்றார். கல்யாணமான பெண்களுக்கு இந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாத்தியார், நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவர், பெற்ற பெண் ஷில்பாவைப் பார்த்துக்கொள்ள முடியாதா என்று நான் கேட்டேன். ரசம் யார் வைப்பார்கள் என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகுதான் டிவி அலறியது. கடைசியில் நான்தான் அழுதுகொண்டே, "சரி, நான் போகலை, போதுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் ஆழ்வார்பேட்டை ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு மேஜை. எங்கள் கோஷ்டியில் நாலு பேர். அக்கவுன்ட்ஸ் சூடாமணி, தபால் பிரிவு கபாலி, நான், என் நேர் மாடி வீட்டுக்காரி ஜானு. டப்பாவைத் திறக்கும்போதே சினிமா ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் பார்த்த படத்தைச் சூடாமணி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இடைவேளைக்குள்ள ஹீரோ ரெண்டு தடவை சாமியாராப் போயிட்டான். ரெண்டு தடவையும் அவங்கம்மா போய்க் கூட்டிட்டு வராங்க."

"ஃபைட்டு கீதா, இல்லியா? அத்த சொல்லு," என்றார் கபாலி.

"சாமியாருக்கு ஏது ஃபைட்டு?"

"அப்ப அது படமே இல்ல, உடு. ஜானும்மா, நேத்து சீரியல் இன்னா ஆச்சு?"

செவ்வாய்க்கிழமை சீரியல் 'தாழம்பூ வாசல்'. முந்தின நாள் மழையில் பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கபாலிக்கும் இல்லை, மாம்பலத்தில் சூடாமணிக்கும் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் இருந்தது. எனக்குத் தலைவலி, பார்க்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆகவே எல்லோரும் ஜானுவின் வாயைப் பார்த்தார்கள்.

ஜானு கதை சொன்னால் பார்க்கிறதைவிட நன்றாக இருக்கும். ஆனால் ஒரு சங்கதி எனக்கு மட்டும் தெரியும். அவள் பையன் சாய்சரண் பிளஸ் டூ. அதனால் ஜூன் மாசமே அவள் வீட்டில் கேபிளைப் பிடுங்கியாயிற்று. ஆபீஸில் சொன்னால் மானம் போய்விடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். யார் வீட்டிலோ போய்ப் பார்க்கிறாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

"நேத்திக்கு ஒரே அமர்க்களம்," என்று ஜானு தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தாள். "அந்தச் சித்தி பால்ல விஷத்தைக் கலந்துண்டு நிக்கறா. அந்த நேரம் பார்த்து வித்யாவுக்கு மதுரைல பெரிய உத்தியோகம் வந்துடுத்து."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன்.

"வித்யா கோமாவுல இல்ல இருந்தா?" என்றாள் சூடாமணி.

"முழிச்சுண்டுட்டா. பரீட்சை பாஸ் பண்ணிட்டாளாம்."

"கோமாவுல கெடந்தவ எப்பம்மா பரீட்சை எழுதினா?" என்றார் கபாலி.

ஜானு ஒரு விநாடிதான் யோசித்தாள். "கோமாவுக்கு முன்னாடியே எழுதிட்டா. ரிசல்ட் இப்பத்தான் வந்திருக்கு. அதைக் கேளுங்கோ. அவ ஆத்துக்காரன் ராஜசேகர் 'உன் இஷ்டம்'ங்கறான். அப்புறம் கேக்கறான், 'எனக்கு யாரு ரசம் வைப்பா?'ன்னு!"

"அவன் மில்லு மொதலாளி. வூட்ல மூணு சமையக்காரன் கீறான். ரசத்துக்கு இன்னா பஞ்சம்?"

"சமையல்காரா லீவுல போயிருப்பா. குறுக்கே பேசாதீங்கோ."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே அவள் சமையலறை ஜன்னல். வாரா வாரம் அங்கே நின்றுகொண்டு என் டிவியைக் காதால் பார்த்திருக்கிறாள். சண்டை வெளியே கேட்கக் கூடாது என்று நாங்கள் சத்தத்தைக் கூட்டப் போக, சண்டையும் சீரியலும் ஒன்றாகக் கலந்து மாடிக்குப் போயிருக்கிறது. ஆபீஸில் நான் உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. கத்தினால் என் குரல் எப்படி இருக்கும் என்று ஜானுவுக்கு எப்படித் தெரியும்?

கோபத்தில் எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் அதற்குள் அவர்கள் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நம் சண்டையைப் பற்றி நாலு பேர் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்காமல் எழுந்து போக யாருக்கு மனசு வரும்?

"ராஜசேகர் நல்லவன்தான். பாசம் ஜாஸ்தி, அதனாலதான் ரசத்தைச் சாக்கு சொல்றான்," என்றாள் சூடாமணி.

"நீ வேற. அவன் அவள வுடவே மாட்டான். இந்த மாரி ஆளுங்கள எனக்குத் தெரியும். வாயில 'உன் இஷ்டம்'பான், மூஞ்சிய மூணு நாளு தூக்கி வெச்சிப்பான்," என்றார் கபாலி.

கபாலியை அன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

"கடைசில என்னதான் ஆச்சு?" என்றாள் சூடாமணி.

"என்ன ஆகும்? அழுதுண்டே 'நான் போகலை, போதுமா'ன்னுட்டா."

"நான்தான் சொன்னேன்ல," என்று கபாலி விரலை நக்கினார். "அவ எங்க போவா? அடுத்த வாரம் பாரு, கண்ணத் தொடச்சிக்கினு ரசம் வெப்பா. இவளுங்க எல்லாம் இப்டித்தான்."

"ஆமாம், போக மாட்டா," என்றாள் சூடாமணி. "போக மாட்டா," என்று ஜானுவும் தலையாட்டினாள். மூன்று பேருமாக என் வாழ்க்கையை முடித்துவிட்டு மோர் டம்ளரை எடுத்தார்கள். அந்த 'இவளுங்க எல்லாம்' என்னைச் சுருக்கென்று தைத்தது.

"போவா!" என்று மேஜையைத் தட்டிவிட்டேன். மோர் சிந்தியது. "மதுரைக்குக் கண்டிப்பாப் போவா!"

"உனக்கு எப்படித் தெரியும் ஐவி? நீ பார்க்கவே இல்லையே," என்றாள் சூடாமணி.

"ஏன்னா அது வித்யா இல்லை. நான்! பரீட்சை எழுதினது நான். ரசம் வேணும்னு கேட்டது என் வீட்டுக்காரர்."

ஜானுவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கபாலிதான் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப அந்தப் பால்ல வெஷம் வெச்சது?"

"அது டிவி!"

சூடாமணி ஜானு பக்கம் திரும்பினாள். கேபிள் இல்லாத கதையை ஜானு தானாகவே கொட்டித் தீர்த்தாள். அதை நின்று கேட்க எனக்குப் பொறுமையில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராக மானேஜர் அறைக்குப் போய், "மதுரைக்குப் போறேன் சார்," என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே கபாலி கை தட்டுவது கேட்டது. வெளியே வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ஜானு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீன்னு தெரிஞ்சிருந்தா போன்னு சொல்லியிருப்பேன்டி," என்று அழுதாள். அவள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதியை வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஜாஸ்பர் தினசரியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மானேஜரிடம் சொன்னதை, ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதை, ரசத்தை. கத்துவார் என்று நினைத்தேன். நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் தினசரியை மடித்தார்.

"என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"சூடாமணி நல்லவர்னு சொன்னா."

"மத்தவங்க?"

"கபாலி, நீங்க என்னை விடவே மாட்டீங்கன்னு சொன்னார். வாயால உன் இஷ்டம்னு சொல்லிட்டு மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பீங்களாம்."

"யாரு, அந்த தபால் செக்ஷன் ஆளா? என்னை அவன் பார்த்தது கூட இல்லையே!"

"சும்மா கதை கேட்டுச் சொன்னதுதான்."

ஜாஸ்பர் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். தூக்கி வைத்துக்கொள்ளலாமா என்று அவர் முகம் ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது.

"நாளைக்கு எழும்பூருக்கு நானே போய் உனக்கு டிக்கெட் எடுக்கறேன்," என்றார். "அதை மறக்காம அந்தக் கபாலிகிட்ட சொல்லிடு."