பீரோவுக்குள் நின்றவன்

வசந்தகுமார் தலையைக் குனிந்து, தோளைச் சுருக்கிக்கொண்டு பீரோவுக்குள் நுழைந்தான். பாலச்சந்திரன் கதவைச் சாத்தி வெளிக்கொக்கியை மாட்டினார்.

"மூச்சு முட்டுதாடா?"

"இல்ல சார். பின்னால ஓட்டை போட்டிருக்காங்க."

"வேற வழியில்ல. இந்த ஹால்ல பின்னால வெறும் கறுப்புத் துணிதான். நடுவுல வந்து நுழைஞ்சா அத்தனை பேருக்கும் தெரிஞ்சிடும். பொணம் இன்டர்வெல்லயே ரெடியா இருந்தாத்தான் நல்லது."

ஒத்திகைகளில் அவன் கடைசிக் காட்சிக்குச் சற்று முன்புதான் பீரோவுக்குள் போவான். இன்று பாதி நாடகம் முழுக்க உள்ளே நிற்க வேண்டும். இரும்பு நிறம் அடித்த பிளைவுட் பீரோ. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. முகத்தில் பிணத்துக்கான வெள்ளைப் பூச்சு இறுகிக்கொண்டு வந்தது.

இந்த மராத்தி ஊரில் கட்கியிலும் கோர்படியிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். இந்த வருடம் சிரிப்புக் கொலை நாடகம். பிணம் பீரோவில் இருக்கிறது என்பது அரங்கத்தில் எல்லாருக்கும் தெரியும், இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரியாது. அவர் அரிசி டப்பாவைத் திறந்து பார்ப்பார், தலையணையைக் கிழித்துப் பார்ப்பார், பீரோவின் மேலேயே சாய்ந்து நின்று யோசிப்பார். இயக்குநர் பாலச்சந்திரனே இன்ஸ்பெக்டர்.

திரை விலகியது. முதல் சிரிப்பு மரப்பலகை வழியாக மந்தமாக வந்தது. நான்கு மாதமாக அவனுக்குக் காலையில் ரஞ்சன்காவ் கம்பெனி பஸ், மாலையில் அப்பா படுத்திருக்கும் ஆஸ்பத்திரி, ராத்திரி வராந்தா பெஞ்சு. எங்கே இருந்தாலும் யாராவது வந்து கூப்பிடுவார்கள். இங்கே யாரும் கூப்பிட முடியாது. அந்த நினைப்பு கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்கு அந்தப் பக்கம், தம்பியின் குரல் கேட்டது.

"அண்ணி, அண்ணன் எங்க?"

"மேக்கப் ரூம்ல இருப்பாரு. கடைசி சீனுக்குத்தான் வருவாரு. நீ ஏன் கோகுல் இங்க வந்த? மாமாகிட்ட யாரு இருக்கா?" ஷீலாவின் குரல்.

"நர்ஸ் இருக்காங்க. டாக்டர் மூத்த பையனை உடனே கூட்டிட்டு வான்னுட்டாரு. அப்பாவும் பெரியவன் எங்க, பெரியவன் எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

மேடையில் வேலைக்காரனாக நடிக்கும் கந்தசாமி எதையோ சொல்ல, அரங்கம் சிரித்தது.

"ரெண்டு தடவை இதையேதான் சொன்னாங்க," என்றாள் ஷீலா. "ரெண்டு தடவையும் ஒத்திகையை நிறுத்திட்டு ஓடினாரு. போன தடவை போய்ப் பார்த்தா மாமா உக்காந்து இட்லி சாப்ட்டுட்டு இருக்காரு. 'உன்னை யாருடா வரச் சொன்னது, கூத்தாடி'ன்னு வேற கேட்டாரு. இவரு மூஞ்சியை நான்தானே பார்த்தேன்."

"இந்தத் தடவை அப்படித் தெரியல அண்ணி."

"அரைமணி நேரம். முடிஞ்சதும் நானே கூட்டிட்டு வர்றேன். நீ போய் மாமா கையப் பிடிச்சுக்கிட்டு இரு. இவருகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அப்புறம் அண்ணன் கேட்டா?"

"நான் பார்த்துக்கறேன். ஜல்தி போ."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

வசந்தகுமார் கையைத் தூக்கினான். விரல் முட்டிகள் பலகையில் பட்டன. ஒரு தட்டு தட்டினான். அது அவன் நினைத்ததைவிடப் பலமாக விழுந்துவிட்டது.

மேடை ஒரு கணம் உறைந்தது. பிறகு கந்தசாமி கத்தினான்: "ஐயா! பீரோவுக்குப் பசிக்குதாம்! மத்தியானம் வடாபாவ் வைக்க மறந்துட்டேன்!"

அரங்கம் வெடித்தது. விசில் பறந்தது. குழந்தைகள் "உள்ள இருக்கான், உள்ள இருக்கான்" என்று கூவின. ஒத்திகையில் இல்லாத இடம் இது; இன்ஸ்பெக்டரே சிரிப்பை அடக்க முடியாமல் பீரோ மேல் சாய்ந்தார். பலகை உள்பக்கமாக அமுங்கியது.

இன்னொரு தடவை தட்டினால் இன்னும் சிரிப்பார்கள். கத்தினால் சிரிக்க மாட்டார்கள். அவன் வாயைத் திறந்தான். அப்பா இட்லியை மென்றுகொண்டு நிமிர்ந்து பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. வெளியே சிரிப்பு ஓயவில்லை. ஓயட்டும் என்று காத்திருந்தான். ஓய்ந்த பிறகும் கத்தவில்லை.

கொக்கி கழன்றபோது, பழகியபடியே, முழங்காலை மடக்காமல் கந்தசாமியின் மேல் விழுந்தான். கந்தசாமி அவனை நாற்காலியில் உட்கார வைத்தான், அவன் சரிந்தான். சுவரில் சாய்த்தான், சரிந்தான். கடைசியில் வசந்தகுமார் தரையில் கிடந்து, மூடிய கண்ணோடு, எல்லாரும் கை தட்டுவதைக் கேட்டான்.

திரை மூடியதும் பாலச்சந்திரன் ஓடி வந்து அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டார். "அடப்பாவி! அந்தத் தட்டு எங்கேருந்துடா வந்துச்சு? ஷீலா, உன் வீட்டுக்காரனைப் பாரும்மா. இன்டர்வெல்லேருந்து பீரோவுக்குள்ளயே நின்னான். அந்த ஒரு தட்டுல நாடகமே எங்கேயோ போயிடுச்சு!"

ஷீலா திரையின் ஓரத்தில் நின்றிருந்தாள். முகத்தைப் புடவை முந்தானையால் அப்போதுதான் துடைத்திருப்பாள் போல. பாலச்சந்திரன் சொன்னதைக் கேட்டு அவள் கறுப்புத் துணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பீரோவை. அவனை மட்டும் பார்க்கவில்லை.

"ஏங்க," என்றாள். "ஆபீஸ் ரூமுக்கு போன் வந்துச்சு. மாமா போயிட்டாரு."

பாலச்சந்திரனின் கை அவன் தோளிலிருந்து நழுவியது.

"எப்போ?" என்றான் வசந்தகுமார்.

"இப்பத்தான்."

"கோகுல்?"

"பக்கத்துலதான் இருந்தானாம்."

அவன் தலையாட்டினான். வேறொன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கந்தசாமி ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். முகத்தைத் துடைத்தும் பூச்சு பாதிதான் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கோர்படி ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. வெயில் இன்னும் இறங்கவில்லை. கூட்ஸ் வண்டி பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நாடக் கியா சாப்? கைசா ரஹா?" நாடகம் எப்படிப் போயிற்று என்று கேட்டார்.

ஷீலா சொன்னாள்: "அச்சா ரஹா. சப் லோக் பஹுத் ஹசே." நன்றாகப் போயிற்று, எல்லாரும் ரொம்பச் சிரித்தார்கள் என்று.

வண்டி போய் முடிந்தது. கேட் மெதுவாக மேலே எழும்பியது. இந்தப் பக்கத்து ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் சாலை முழுவதையும் அடைத்து முன்னேறின. அந்தப் பக்கத்திலிருந்தும் அப்படியே வந்தன. தண்டவாளத்தின் நடுவில் இரண்டும் முகத்தோடு முகம் நின்றன. எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். யாரும் பின்னால் போகவில்லை.