மார்பில் வரைந்த படம்

சட்டையின் மூன்றாவது பித்தானைக் கழற்றிய அரிகரன், சுட்டுக்கொண்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டான்.

"இன்னாது இது? அண்ணன் மேல யாரு கோடு போட்டது?"

பிணத்தைக் குளிப்பாட்ட நான்கு பக்கமும் சேலை பிடித்து மறைத்திருந்தார்கள். பிடித்திருந்தவர்களில் எதிர்வீட்டு ஜெயசித்ராவும் ஒருத்தி என்பதால், அந்தச் சேலை மறைத்தது வெயிலை மட்டும்தான். அவள் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். கரியமாணிக்கம் ஊருக்கே அது போதும்.

செல்லக்கண்ணுவின் மார்பிலும் வயிற்றிலும் நீலமும் சிவப்புமாகக் கோடுகள். தண்ணீர்க் குடத்தோடு நின்ற மகள் மணிபாரதி அந்தப் பக்கம் திரும்பவில்லை. எந்தக் கோடு எங்கே வளைகிறது என்று அவள் கைக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரில மார்க் பண்ணி எடுத்துட்டானுங்க," என்றாள் ஜெயசித்ரா. "கிட்னி, ஈரலு எல்லாத்தையும். போன்ல வந்துச்சே, நான் காட்டல?"

எடுத்திருந்தால் தையல் எங்கே என்று கேட்கத் தோன்றிய ஒரே ஆள் மணிபாரதி. அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள்.

செல்லக்கண்ணுவின் மனைவி அம்சவள்ளியின் தம்பி கலைவேந்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கரை வேட்டிக்காரன், எந்தக் கட்சிக் கரை என்பது அந்தந்த வருஷத்தைப் பொறுத்தது. பார்த்ததுமே அவனுக்கு வேலை வந்துவிட்டது.

"தவளக்குப்பம் ஜங்ஷன்ல பாடிய வெச்சி மறியல் பண்றோம். போஸ்ட்மார்ட்டம் கேக்கறோம். அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும், உள்ள இன்னா கீது, இன்னா இல்லன்னு."

"அறுக்கறதா?" அம்சவள்ளி அப்போதுதான் தலையைத் தூக்கினாள். "வேணாம்டா. அவர முழுசா அனுப்புங்கடா."

"அக்கா, நீ சும்மா இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது."

தெரிந்தவள் குடத்தைக் கீழே வைத்தாள்.

மணிபாரதி நர்சிங் முதலாமாண்டு. அவர்களுடைய அனாட்டமி மிஸ்ஸுக்குப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. மூடி வையுங்கள், கையால் செய்து படியுங்கள், சாகிறவரை மறக்காது என்பார். ஒருத்தி சப்பாத்தி மாவில் சிறுநீரகம் பிசைந்தாள். பூனை தின்றுவிட்டது என்று மறுநாள் அழுதாள். இன்னொருத்தி பழைய நைட்டியைக் கிழித்துக் குடல் தைத்தாள். மணிபாரதிக்கு விழுந்தது, ஓர் ஆளின் உடம்பின் மேலேயே உறுப்புகளை வரைந்து போட்டோ எடுக்கும் வேலை. வர்ணம் வாங்க வசதியில்லை. கடையில் போர்டில் எழுதும் மார்க்கர் நீலமும் சிவப்புமாகக் கேட்டாள். கடைக்காரர் அழியாத மார்க்கரைக் கொடுத்தார். இவளும் படித்துப் பார்க்கவில்லை.

நேற்று மத்தியானம் அம்சவள்ளி களையெடுக்கப் போயிருந்தாள். செல்லக்கண்ணு மட்டும் வயலுக்குப் போகவில்லை. உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்திருந்தார். படுத்திருக்கிற ஆள் வரைவதற்கு வசதி.

"இன்னாடி, என் மேல வரப்பு கட்டுற?"

"சிரிக்காதப்பா, ஈரலு கோணுது."

மார்பின் நடுவில் மார்க்கர் பட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"அங்க அழுத்தாதம்மா. காலையிலேர்ந்து கல்லு வெச்ச மாதிரி கீது. கையி வேற இழுக்குது."

"கேஸா இருக்கும். அசையாத."

எந்தக் கை என்று கேட்கவேண்டும் என்பது புத்தகத்தில் இருந்தது. புத்தகத்தை மிஸ் மூடச் சொல்லியிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் செல்லக்கண்ணு சாய்ந்தார். பெரிய ஆஸ்பத்திரியில், அவள் வரைந்த படத்தின் மேலேயே ஈசிஜி வயர்களை ஒட்டினார்கள். அம்சவள்ளியை உள்ளே விடவில்லை. டூட்டி டாக்டர் படத்தைப் பார்த்தார், மணிபாரதி கழுத்தில் தொங்கிய காலேஜ் அட்டையைப் பார்த்தார். நாடி பார்க்கத் திரும்பிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு சட்டைப் பித்தான்களை அவளேதான் போட்டுவிட்டாள், கழுத்து வரைக்கும்.

கலைவேந்தன் வேனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமா, போன வைங்க. நாந்தான் வரஞ்சேன்."

"இன்னாது?"

"காலேஜ்ல வரய சொன்னாங்க. நேத்து மத்தியானம் அப்பா மேல வரஞ்சேன். ஆஸ்பத்திரில யாரும் ஒண்ணும் எடுக்கல. அப்பாவ அறுக்க வேணாம்."

கலைவேந்தன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். மச்சான் போன துக்கத்தைவிட மறியல் போன துக்கம் அவன் முகத்தில் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது.

ஜெயசித்ரா விடுவதாக இல்லை. "நேத்து மத்தியானமா? அப்போ அவருக்கு ஒண்ணும் இல்லியா? உங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் வாய்க்கட்டோடு படுத்திருந்தார்.

அம்சவள்ளி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுன்னாரு," என்றாள் மணிபாரதி. "நான் கேஸுன்னேன்."

சேலை பிடித்திருந்த கைகள் தாழ்ந்தன. இவ்வளவு பெரிய சேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஜெயசித்ராவுக்கே தெரியவில்லை. தெருவில் பத்து வருஷமாக யாரும் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

சீயக்காய் போட்டுத் தேய்த்தார்கள். தேங்காய் எண்ணெய் தேய்த்தார்கள். அரிகரன் துணி சோப்பும் போட்டுப் பார்த்தான். தோல் வெளுத்தது, கோடு வெளுக்கவில்லை.

"வூட்ல நெயில் பாலிஷ் ரிமூவர் கீது. எடுத்தாரவா?" என்றாள் ஜெயசித்ரா, பாவம், நல்ல மனசோடுதான்.

வேட்டி மாற்றி பெஞ்சில் கிடத்தியதும், அம்சவள்ளி கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க வா."

மணிபாரதி போனாள். அம்மாவின் விரல் வலது விலாவுக்குக் கீழே இருந்த கோட்டின் மேல் நின்றது.

"இது இன்னா?"

"ஈரலு."

சந்தனத்தை அள்ளி அதன் மேல் பூசினாள். கோடு மறைந்தது.

"இது?"

"இரைப்பை."

பூசினாள்.

"இது ரெண்டும்?"

"நுரையீரல்."

பெரிய படமாக இருந்ததால் இரண்டு கையாலும் பூசினாள். மிஸ் நடத்துகிற வாய்மொழித் தேர்வில்கூட யாரும் இவ்வளவு நிதானமாகக் கேட்டதில்லை.

மார்பின் நடுவில், இடது பக்கம் சாய்ந்தாற்போல், ஒன்று மிச்சமிருந்தது. அதற்கு வர்ணம் தீட்டவில்லை. சுற்றுக்கோடு மட்டும்தான்.

"இது?"

வாசலில் பறைக்குச் சூடு காட்ட வைக்கோல் கொளுத்தினார்கள். புகை பந்தலுக்குள் வந்தது. மணிபாரதி கோட்டைப் பார்த்தபடி நின்றாள். அம்சவள்ளி விரலை எடுக்காமல் காத்திருந்தாள். அவளுடைய இன்னொரு உள்ளங்கையில் இருந்த சந்தனம் ஓரத்திலிருந்து காய்ந்து, வெடிக்கத் தொடங்கியது.