நாற்பத்தொரு கிலோ விடைத்தாள்

கல்முனைக்குத் தெற்கே கடலோரத் தாய்மார் கிளினிக் ஒன்றில், ஏழு மாதக் கர்ப்பிணி றிஸ்லா நிரப்பிக் கொடுத்த ஒற்றைத் தாள் நாற்பத்தொரு கிலோ இருந்தது. மேசைக்கால் முறிந்ததால் பக்கத்து அரிசி ஆலைக்குத் தூக்கிப்போய் நிறுத்தார்கள். கர்ப்பிணிகளின் மனக்கவலையை அளக்கும் ஆங்கிலக் கேள்விக்கொத்து ஒன்றைக் கொழும்பில் தமிழாக்கி, அது இந்தக் கரைப் பெண்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஆய்வாளர் பர்ஸானை அனுப்பியிருந்தார்கள். 'நான் நீலமாக உணர்ந்தேன்' என்றது மூன்றாம் கேள்வி. ஆங்கிலத்தில் அது கவலையாம். பெண்கள் தங்கள் நகங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உம்மாவோ மாமியோ இருக்க, எல்லாவற்றுக்கும் 'இல்லை'யில் புள்ளடி போட்டார்கள். நூற்றெண்பது பேரும் அப்படித்தான். சில தாள்கள் நான்கு கிலோ, சில ஒன்பது. ஒப்பிட்டுப் பார்க்க மனநல வைத்தியரும் ஒவ்வொருவரோடும் கதைத்திருக்க வேண்டும். அதற்கு நாளில்லை என்று விட்டார்கள். கவலையே இல்லாத கரை என்று பர்ஸான் மகிழ்ந்துபோய், பாரமான தாள்களை மட்டும் நீக்கச் சொன்னார்.

பத்தொன்பது வருடமாக அந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போகிற மருத்துவமாது றுமானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வசனத்தையாவது அவளிடம் காட்டிக் கேட்டவர் இல்லை.

"தாள்ல பிழை இல்ல சேர், கேள்வியிலதான் பிழை. எங்கட ஆக்களுக்கு நீலம் வாறல்ல. நெஞ்சிதான் அடைக்கிற."

"எடைக்கு அறிக்கையில இடமில்ல மிஸ்ஸி" என்றார் பர்ஸான்.

றுமானா போய், றிஸ்லாவின் உம்மாவை மருந்து வரிசைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தப் பிள்ளை நான்கு நாளாகச் சோறு தொடவில்லை என்பது தெருவுக்கே தெரியும். "மகள், மனசில என்ன கிடக்கு?" என்று கேட்டாள்.

"போன வருஷம் மூச்சில்லாம மௌத்தாப் பொறந்தாளே, என்ட மகள். எல்லாரும் சபூர் செய், பொறுத்துக்க எண்டு சொன்னாங்க. அவளுக்கு என்ன பேர் வெச்சிருந்தெண்டு ஒராளும் கேக்கல்ல மிஸ்ஸி."

றுமானா கேட்டாள். "நிப்லா" என்றாள் றிஸ்லா. தரையில் கிடந்த அவளுடைய தாள் மின்விசிறிக் காற்றில் ஓர் ஓரம் புரண்டது.

அந்த வாரமே றுமானா அவளை மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனாள். பிறகும் வாரந்தோறும் கூட்டிப்போனாள். கார்த்திகை மழையில் ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. தாள் குறைந்து குறைந்து பதினொரு கிலோவில் நின்றது. அதற்குக் கீழே போகாது என்று றிஸ்லாவே சொல்லிவிட்டாள். பாரமான தாள்களை நீக்கி, கேள்விக்கொத்து நன்றாகப் பொருந்துகிறது என்று அறிக்கை வந்தது. நீலக் கேள்வி அப்படியே இருக்கிறது; அதே தாளைத்தான் இப்போது எல்லாக் கர்ப்பிணிகளும் நிரப்புகிறார்கள். றுமானா எழுதிய ஆறு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மாதக் கடைசியில் படிவங்களை ஏற்றிப்போகக் கொழும்பிலிருந்து லொறி வருகிறது. கட்டுக்கு நான்கு பேர் பிடித்து ஏற்றுகிறார்கள். ஓட்டுநர் டயர்களைத் தட்டிக் காற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்.