எக்ஸ் வாரம்

டெஸ்மண்ட் செத்து ஐந்து மாதமாகியும் இணையத்தில் மட்டும் சாகவில்லை. அவனை அங்கே உயிரோடு வைத்திருந்தவள் அவன் மனைவி மேவிஸ். மார்மலேட் தடவிய ரொட்டியோடு காலையிலேயே அவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். இங்கிலாந்தின் லட்லோ ஊரில் அந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, தூசி தட்டுவதற்கு மட்டும்தான் அந்த அறைக்குள் அவளுக்கு அனுமதி. இப்போது விரட்ட ஆளில்லை.

அவன் சேர்ந்திருந்த இணையக் குழுவில் எல்லாருமே மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதப் பித்து தலைக்கேறிய கிழங்கள். வாரத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. ஜெயித்தவர் அடுத்த எழுத்துக்கு ஒரு துண்டு இசையைப் போடுவார். அந்த எழுத்தில் பெயர் தொடங்குகிற, அந்த இசையை எழுதியவர் யார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். எதையும் புரட்டிப் பார்க்கக் கூடாது என்பது சத்தியம். மேவிஸ் அந்தச் சத்தியத்தைத் தினமும் மீறினாள். சுவர் முழுக்க அடுக்கியிருந்த இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு விடை கண்டுபிடித்தாள். ஏமாற்றுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் "குட்மார்னிங் டெஸ்மண்ட்" என்று எழுதுகிற அந்தக் கூட்டத்தை விட்டால், நாள் முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேச நாதியில்லை. அவன் செத்தது தெரிந்தால் அந்தக் குட்மார்னிங்கும் போய்விடும்.

எக்ஸ் எழுத்து வந்தது. கேள்வி போட்டவர் ஹல் நகரத்து ராட்னி, ஓய்வு பெற்ற பல் டாக்டர். பிடுங்குகிற குணம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ஸெலோவிச், எக்ஸ்லதான் ஆரம்பிக்கும். பல்கேரியாக்காரர். பியானோவுக்கும் பன்னிரண்டு கோயில் மணிகளுக்கும் ஒரு கான்செர்ட்டோ எழுதினவர். யாராவது கேட்டிருக்கீங்களா?"

மேவிஸ் அலமாரியைத் தலைகீழாகப் புரட்டினாள். அப்படி ஒரு பெயரே இல்லை. ஆனால் டெஸ்மண்ட் தெரியாது என்று எதற்கும் சொன்னதில்லை. அதனால் அவளும் துணிந்து எழுதினாள்: "அருமையான ஆளு. பர்மிங்ஹாம்ல கேட்டேன். ரெண்டாவது பகுதியில என் மனைவி அழுதுட்டா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

"டெஸ்மண்ட்," என்றார் ராட்னி, "எக்ஸ்ல ஒண்ணு ரெண்டுக்கு மேல பேரே கிடைக்காது, அதனால அந்த வாரம் கேள்வி போடுறவன் பொய்யா ஒருத்தனை உண்டாக்கணும், மத்தவங்க அதைப் பொய்னு பிடிக்கணும்னு விதி போட்டவனே நீதானேப்பா. ஸெலோவிச்சுன்னு ஒருத்தன் பொறக்கவே இல்லை. அவனுக்கு அழுதாளா உன் பொண்டாட்டி?"

சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. மேவிஸுக்குக் காது மடல் எரிந்தது. அவள் எழுதுவதற்குள் யார்க்கிலிருந்து தெல்மா முந்திக்கொண்டாள்.

"போதும் ராட்னி. ஏம்மா, நீ மேவிஸ்தானே?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? "ஆமா. அவர் நவம்பர்ல போயிட்டார். சொல்ல மனசு வரலை. மன்னிச்சிடுங்க."

"எங்களுக்கு அப்பவே தெரியும்," என்றார் ராட்னி. "அந்த மனுசன் ஜென்மத்துல யாருக்கும் தேங்க்யூ சொன்னதில்லை. நீ வரிக்கு வரி சொல்றே. எத்தனை நாள் ஓட்டுறேன்னு பார்த்தோம். நீ எக்ஸ்ல மாட்டிப்பேன்னு தெல்மா பந்தயம் கட்டினா. ஜெயிச்சுட்டா."

மேவிஸ் அப்போதே மூடியிருக்கலாம். கேட்கக் கூடாததைக் கேட்டாள். "என்னைப் பத்தி அவர் ஏதாவது சொல்வாரா?"

"வேண்டாம் விடும்மா," என்றாள் தெல்மா.

ராட்னிக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. "சொல்லுவான். அவ காதுக்குக் கெட்டில் சத்தமும் ஒண்ணுதான், வயலினும் ஒண்ணுதான்னு சொல்லுவான். உன்கூட ஒரு ரூம்ல உட்கார முடியாமத்தான் எங்ககிட்ட வந்து உட்கார்ந்திருக்கேன்னும் சொல்லுவான். நாங்க வயிறு வலிக்கச் சிரிப்போம்."

மறு நிமிடமே அவளைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். பக்கத்தைப் படிக்கலாம், ஒரு வார்த்தை எழுத முடியாது. அழுகை வந்தது, அழுதாள். எதிரில் ஆள் இருந்தால் கெட்டிலைத் தூக்கியே அடித்திருப்பாள். ஆனால் வெட்கம் கெட்ட மனசு, அடுத்த திங்கள்கிழமை காலையில் அவளைத் திரும்பவும் அங்கேயே கொண்டுபோய் உட்கார வைத்தது.

ஒய் எழுத்து. தெல்மா ஒரு துண்டு இசையைப் போட்டிருந்தாள். மேவிஸ் கேட்டாள். நாலு வினாடிகூட ஆகவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது. எந்தத் தட்டையும் எடுக்கவில்லை, அலமாரிப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிப்ரவரியில் ஏதோ ஒரு தட்டை ஓடவிட்டுச் சமையலறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தவள், இதைக் கேட்டுத் துணியும் கையுமாக அப்படியே நின்றிருந்தாள். அன்றைக்கு அது எந்த எழுத்துக்கும் விடையில்லை, சும்மா கேட்டதுதான்.

குழுவில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார், தப்பு. இன்னொருவரும் தப்பு. வெள்ளிக்கிழமை வரை முட்டி மோதினார்கள்.

"டெஸ்மண்ட் இருந்திருந்தா டக்குனு சொல்லியிருப்பான்," என்று எழுதினார் ராட்னி. "என்ன காதுய்யா அவனுக்கு!" எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

"யார்டுமியான்," என்றாள் மேவிஸ், காலி அறையில், வாய்விட்டு. "யார்டுமியான், முட்டாள்களா."

அந்தத் தட்டை டெஸ்மண்ட் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை முதன்முதலில் பிரித்தவளே அவள்தான்.