மூன்றில் ஒன்று வேறு

1

இது ஒரு சமையல் குறிப்பாக இருந்திருக்க வேண்டியது. பத்திரிகையின் துணையாசிரியை கேட்டது அரைப் பக்கம்: குடும்பமே சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி கோழிக்கறி உருண்டை, உள்ளே பிள்ளைகளுக்குத் தெரியாமல் காய்கறி, கூடவே ஒரு படம். எனக்குச் சமைக்க வராது. நான் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும் என்று என் தங்கை எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் அந்த உருண்டையை நன்றாகச் செய்வாள். பக்கத்தில் நின்று பார்த்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ஒரு விடுமுறை நாள் அவள் வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் நடந்தது அரைப் பக்கத்தில் அடங்கவில்லை. படமும் எடுக்கவில்லை.

அதனால் கதையாகிவிட்டது. ஆகிவிட்டதா என்பதை முடிவில் நீங்கள்தான்— வேண்டாம். இப்போதே உங்கள் தலையில் கட்டக் கூடாது.

2

முதல் தொடக்கம்: "பிஸ்கட் தொழிற்சாலையின் சுவை பார்க்கும் அறையில் விளக்கு சிவப்பாக எரியும்."

நல்ல வாக்கியம்தான். என் தங்கைக்கு அங்கேதான் வேலை. தடுப்பு வைத்த சின்னச் சின்ன மேஜைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சுவரில் ஒரு சின்னக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் இவள் நிற்பாள். சுவை பார்க்க வருகிறவருக்கு ஒரு தட்டு நீட்டுவாள். தட்டில் மூன்று பிஸ்கட். இரண்டு ஒரே மாதிரி, ஒன்று வேறு. எது வேறு என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். நிறத்தை வைத்துச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் சிவப்பு விளக்கு. மாவை மாற்றியிருப்பார்கள், அல்லது வெண்ணெயைக் குறைத்திருப்பார்கள். யாராலும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் மாற்றம் தேறிவிட்டது என்று அர்த்தம்.

இதை ஏன் அடித்தேன் என்றால், இப்படித் தொடங்கினால் நீங்கள் தொழிற்சாலையில் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருப்பீர்கள். அங்கே ஒன்றும் நடக்காது. (ஆனால் அந்தத் தட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி நேராகச் சொல்லிவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: "அந்தப் பிள்ளையின் பெயர் நிஜமாவா."

அது பெயர் இல்லை, நாங்கள் கூப்பிடுவது. என் தங்கை இரண்டாம் தாரமாகப் போன வீட்டில் ஏற்கெனவே இருந்த பெண் குழந்தை. அவளைப் பெற்றவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. வீடே ஒரே குரலில், அம்மா வெளியூர் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொன்னது. பிள்ளை நம்பியது. கையில் எந்தத் தின்பண்டம் கிடைத்தாலும் பாதியைக் கடித்துவிட்டு மீதியை அம்மாவுக்கென்று ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தது. டப்பாவுக்கு எறும்பு வந்தது. அப்புறம் ஒருநாள் மாடிப்படியில் விளையாடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை உண்மையைப் போட்டு உடைத்தது. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான். மழை வரும்போல இருக்கு என்றால், நிஜமாவா? பால் தீர்ந்துபோச்சு என்றால், நிஜமாவா? நமக்குச் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

வந்த அன்றே என் தங்கை அவளிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள். "நான் உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீ எது கேட்டாலும் உள்ளதச் சொல்வேன்." சொன்னபடியே நடந்தும் வந்தாள். ஊசி வலிக்குமா என்று கேட்டால் வலிக்கும் என்பாள். நீ என் அம்மாவா என்று கேட்டபோது, இல்ல, நான் சித்தி என்றாள். இன்றைக்கும் அப்பா ஏதாவது சொன்னால் பிள்ளை உடனே திரும்பிச் சித்தியின் முகத்தைத்தான் பார்க்கும். அந்த முகம் ஆமாம் என்றால்தான் ஆமாம்.

இந்தத் தொடக்கத்தை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

3

இனிச் சமையல். துணையாசிரியைக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும் அல்லவா.

நிஜமாவா காய்கறி தொடமாட்டாள். தட்டின் ஓரத்தில் ஒரு பச்சைத் துணுக்கு கிடந்தால் தட்டையே தள்ளிவிடுவாள். வாயோரம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. காலையில் கழிப்பறைக்குள் அழுகை. மிரட்டியும் கெஞ்சியும் பார்த்தாயிற்று. மருத்துவர் கையை விரித்துவிட்டு, எப்படியாவது உள்ளே போகணும், மருந்தால் ஆகிற காரியம் இல்லை என்றார். அந்த "எப்படியாவது"வில்தான் எல்லாம் தொடங்கியது.

கேரட்டைத் துருவியின் சின்னக் கண்ணில் துருவ வேண்டும். பூசணிக்காயையும் அப்படியே. கொஞ்சம் உப்புப் போட்டு வைத்து, துணியில் கட்டி, கை வலிக்கப் பிழிய வேண்டும். நீர் நின்றால் உருண்டை உடையும். காளானைப் பொடியாக அரிந்து, எல்லாவற்றையும் பச்சை வாடை போகும்வரை சிறு தீயில் வதக்கி ஆறவிட வேண்டும். பிறகு கொத்திய கோழிக்கறி, முட்டை, ரொட்டித்தூள், பூண்டு, மிளகு. கீரை கூடாது. கீரை காட்டிக்கொடுத்துவிடும் என்றாள் தங்கை, ஏதோ போலீசுக்குத் தகவல் சொல்கிற ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

(முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழமொழியை இங்கே எழுதாமல் விட எவ்வளவோ பார்த்தேன். முடியவில்லை. என் முன்னால் ஒருத்தி நிஜமாகவே பூசணிக்காயை மறைத்துக்கொண்டிருந்தாள்.)

(இன்னொன்று. கதைக்குள் கருத்தை ஒளிப்பதும் உருண்டைக்குள் காயை ஒளிப்பதும் ஒன்றுதான் என்று ஒரு பத்தி எழுதினேன். அசட்டுத்தனமாக இருந்தது. தூக்கி எறிந்துவிட்டேன். உங்களுக்கும் அது தோன்றியிருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.)

உருண்டை பலித்தது. பிள்ளை ஆசையாகச் சாப்பிட்டது, பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தனுப்பச் சொன்னது. வாயோரப் புண் ஆறியது. அன்று அடுப்படியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், உன் வாக்கு என்னடி ஆச்சு என்று கேட்டேன். தங்கை துணியைப் பிழிந்துகொண்டே, திரும்பாமல் பதில் சொன்னாள்.

"அவ கேட்கலக்கா. கேட்டா சொல்லிடுவேன்."

"கேட்டுச் சொல்லிட்டா அப்புறம் தின்பாளா?"

"அதுதான் பயமா இருக்கு."

இதுதான் கதை. இதற்கு மேல் நான் எழுதுவதெல்லாம் இந்த மூன்று வரியைச் சுற்றி நடக்கிற நடைதான்.

4

ஒரு பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தங்கையின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். முதல் பொய்யைச் சொன்ன குரல்களில் அவருடையதும் ஒன்று. அவரை வில்லனாக்கினால் கதை சுளுவாக நடக்கும். ஆக்கிப் பார்த்தேன்: "அவர் முரட்டு மனிதர். வீட்டுக்குள் நுழையும்போதே—"

எங்கே? நுழையும்போதே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையின் செருப்பையும் நேராக்கி வைக்கிற மனிதர். சாப்பிடும்போது எல்லாமே நல்லா இருக்கு என்பார், எது நல்லா இருக்கு என்று கேட்டால் முழிப்பார். உருண்டை விஷயத்தில் அவர் கட்சி ஒன்றுதான். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே பண்றாங்க, ஒரு கேரட்டுக்கு என்ன வந்தது என்பார். பயந்த மனிதர். அதை எப்படி எழுதுவது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

5

அன்று தங்கை பூசணிக்காயின் அளவைக் கூட்டியிருந்தாள். கூட்டின பிறகு காய் இருப்பது தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்திருப்பார்கள். இவள் வெறும் கறியில் கொஞ்சம் உருண்டை தனியாகப் பிடித்து வைத்திருந்தாள். தட்டில் மூன்று. இரண்டு வெறும் கறி, ஒன்று காய் போட்டது. சிவப்பு விளக்கு இல்லாததால் எல்லாவற்றையும் தக்காளிச் சாற்றில் புரட்டி நிறத்தை மறைத்தாள். நடுவே குடிக்கத் தண்ணீர். எனக்கு ஒரு தட்டு, கணவருக்கு ஒரு தட்டு. நான் தப்பாகச் சொன்னேன். அவர் மூன்றையும் தின்றுவிட்டு, எல்லாமே நல்லா இருக்கு என்றார்.

அப்போது நிஜமாவா வந்து நின்றாள். எனக்கும் என்றாள். பிஸ்கட்டை வைத்து இந்த விளையாட்டைச் சித்தி அவளுக்கு எப்போதோ பழக்கியிருந்தாள். அந்த வீட்டிலேயே கூர்மையான நாக்கு அவளுடையதுதான்.

தீர்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். பொய். அப்புறம் என்று சொல்லியிருக்கலாம். அது பொய் இல்லை. தங்கையின் கை அது பாட்டுக்குத் தட்டை எடுத்தது, மூன்று உருண்டையை வைத்தது, சாற்றை ஊற்றியது. நான் கண்ணைக் காட்டினேன், அவள் பார்க்கவில்லை. நல்ல நாக்கு ஒன்று முன்னால் வந்து நிற்கும்போது தட்டை நீட்டாமல் இருக்க அவளால் முடியாது. எந்த அசடும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். தன் தொழிலில் கெட்டிக்காரியாக இருந்தால்தான் இப்படி மாட்டிக்கொள்ள முடியும்.

பிள்ளை ஒவ்வொன்றிலும் ஒரு கடி கடித்து மென்றது, தண்ணீர் குடித்தது, மறுபடி மென்றது. கடைசி உருண்டையில் விரல் வைத்தது. "இதுதான் வேற."

"சரியாச் சொன்னே!" என்றாள் தங்கை. முகமெல்லாம் பூரிப்பு. அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"இதுல என்ன போட்டே?"

6

இங்கே நிறுத்துகிறேன். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துவிட்டு வந்தேன். கீழே உள்ளவை நான் எழுதி அடித்த முடிவுகள்.

அ. சித்தி பொய் சொல்கிறாள். பிள்ளை நம்புகிறது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள், சித்தியின் தொண்டையில் மட்டும் இறங்கவில்லை. (அடித்தேன். நாடகம்.)

ஆ. பிள்ளைக்கு எல்லாம் முன்பே தெரியும், தெரிந்தும் சித்திக்காகச் சாப்பிட்டு வந்திருக்கிறது. (கதைகளில் வருகிற பிள்ளைகளுக்கு எல்லாமே முன்பே தெரிந்திருக்கிறது. பெரியவர்களுக்கு வசதியான பிள்ளைகள். இவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவள் முகம் அப்படிப் போயிருக்காது.)

இ. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடிக்கிறது. யாரோ— (சீ.)

7

நடந்தது இது.

அப்பா முந்திக்கொண்டார். ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் மசாலா கூட என்று தொடங்கினார். தங்கை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் நிறுத்திக்கொண்டார். பிள்ளை வழக்கம்போலச் சித்தியின் முகத்தைப் பார்த்தது. தங்கை நாற்காலியில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராக முகம் வைத்துச் சொன்னாள்.

"கேரட், பூசணிக்காய், காளான்."

"இதுக்கு முன்னாடி செஞ்சதுலயும்?"

"எல்லாத்துலயும்."

"ஸ்கூல் டப்பாலயும்?"

"ஆமா. நீ கேட்டா சொல்லணும்னு இருந்தேன். கேட்கக் கூடாதேன்னு வேண்டிக்கிட்டும் இருந்தேன்."

பிள்ளை அழவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நல்லாப் போய்க்கிட்டிருந்ததே என்றார் கணவர், யாரிடமும் இல்லாமல். தங்கை கையைக் கழுவினாள். துடைத்துவிட்டுத் திரும்பவும் கழுவினாள். என் கைப்பேசியில் துணையாசிரியை, குறிப்பு தயாரா, குழந்தைகள் ரசிச்சாங்களா என்று கேட்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மாள் என்ன செய்வார், பாவம்.

இந்த வீட்டில் தங்கைக்கென்று இருந்தது அந்தப் பிள்ளையின் நம்பிக்கை ஒன்றுதான். அதைத் தட்டில் வைத்து அவளே நீட்டிவிட்டாள்.

கதவு திறந்தது. பிள்ளை நிலைப்படியிலேயே நின்றது. உள்ளே உட்கார்ந்து யோசித்து, சொற்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது.

"அம்மா செத்துப்போனப்ப நீ இங்க இருந்திருந்தா, என்கிட்ட சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்பது சுலபமான பதில். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். எந்தக் கதையிலும் அதைத்தான் எழுதுவார்கள். தங்கை துணியும் கையுமாக அவள் பக்கம் திரும்பினாள்.

"சொல்லியிருக்கணும்," என்றாள். "ஆனா உன் மூஞ்சியப் பார்த்துட்டு எனக்கு வாய் வந்திருக்குமான்னு தெரியலடா. தெரியல."

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"எனக்கு வாய் வரலம்மா. அதான்."

அவர் அதை அந்த வீட்டில் இதற்கு முன்னால் சொன்னதே இல்லை என்று தங்கை பின்னால் சொன்னாள். பிள்ளை அவரை வெகுநேரம் பார்த்தது. இந்தத் தடவை சித்தியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வந்து அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் நகர்த்தியது. கடைசி உருண்டையில் விரல் வைத்த குழி அப்படியே இருந்தது.

8

இதுவரை எழுதியதைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். பிஸ்கட் பகுதியில் ஒரு திருத்தம் சொன்னாள். அப்புறம், சாப்பிட்டாளான்னு மட்டும் எழுதாதேக்கா என்றாள். வாசகர் கேட்பார்கள், சண்டைக்கே வருவார்கள் என்றேன்.

"சாப்பிட்டான்னு எழுதினா, பார்த்தியா, உண்மையச் சொன்னா நல்லதே நடக்கும்னு சொல்வாங்க. சாப்பிடலன்னா, எதுக்குச் சொல்லித் தொலைச்சேன்னு கேப்பாங்க. அவ தின்னாத்தான் நான் சொன்னது சரியா?"

துணையாசிரியைக்கு வேறு யாருடைய குறிப்பையோ போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

ஆகவே தட்டு அங்கேயே இருக்கட்டும். பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் அப்பா, எதிரே சித்தி, கையைத் துடைத்த துணி இன்னும் அவள் கையில். அடுத்து என்ன என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் தடுக்க முடியாது. ஒன்றே ஒன்று. இதை யாருக்காவது சொல்ல நேர்ந்தால், எதுவரை நான் வைத்தது, எது நீங்களாகச் சேர்த்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.